பொதுச் சுகாதாரத் துறையும் எமது பெண் பிள்ளைகளும்



சுகாதாரத் துறை என்றதும் எம்மவர்களின் மனதில் முதலில் தோன்றுவது வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும்தான். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் பெண்பிள்ளை ஒருத்தி வீட்டில் இருந்தால், அவள் டொக்டராக வரவேண்டும் என்று உம்மாவும் வாப்பாவும் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னரும் துஆக் கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் இஸட் புள்ளி சற்றுக் குறைந்து மருத்துவபீடம் தவறிப் போனால், வீடே துக்க வீடாகி விடுகிறது. சுகாதாரத் துறையின் கதவு அந்தப் பிள்ளைக்கு மூடப்பட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டி விடுகிறார்கள். பிறகு ஆசிரியர் நியமனம் ஒன்று கிடைத்தால் போதும் என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

உண்மையில் அந்தத் துறைக்கு ஒரு கதவு மட்டும் இல்லை. நோய் வந்தபின் மருந்து கொடுப்பது ஒரு வேலை. நோய் வராமல் ஓர் ஊரையே காப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலையையே பொதுச் சுகாதாரம் என்கிறோம். எந்தத் தடுப்பூசியை எந்த வயதில் போடுவது, எந்த ஊருக்கு எத்தனை உத்தியோகத்தர்கள் வேண்டும், தொற்றுநோய்க் காலத்தில் எதை மூடுவது, எதைத் திறப்பது என்றெல்லாம் தீர்மானிப்பது சுகாதாரக் கொள்கை. இந்த இரண்டுக்கும் தனியான பயிற்சிகளும் பதவிகளும் இருக்கின்றன. எமது பெண்பிள்ளைகள் அங்கே எந்த இடத்தில் நிற்கிறார்கள், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை இந்த மாதம் பார்ப்போம்.

களுத்துறையில் தொடங்கிய பயிற்சி

இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926ஆம் ஆண்டு களுத்துறையில் ஆரம்பிக்கப்பட்டது. அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் அதற்கு உதவி செய்தது. உலகில் பொதுச் சுகாதாரத்தைத் தனிப் பாடமாகக் கற்பிக்கும் உயர்கல்விக்கூடங்கள் உருவாகத் தொடங்கிய காலம் அது. அவற்றில் முன்னோடியான ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகப் பாடசாலைக்கு 1916இல் பணம் கொடுத்ததும் இதே மன்றம்தான். களுத்துறையில் ஒரு சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் பரிசோதகர்கள், தாதியர், மருத்துவமாதர் என்று ஒரு குழு அமைக்கப்பட்டது. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் மக்கள் அனைவரினதும் சுகாதாரத்துக்கு அந்தக் குழு பொறுப்பாக்கப்பட்டது. அங்கே உருவான முறையே பின்னர் நாடு முழுவதும் பரவியது. இன்று எமது ஊர்களில் எம்.ஓ.எச். ஒபிஸ் என்று சொல்கிறோமே, அதன் தாய்வீடு களுத்துறைதான். அங்குள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இப்போதும் பொதுச் சுகாதார உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது.

இந்த முறையால் என்ன பலன் கிடைத்தது? 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். அதாவது 50 பிரசவங்களுக்கு ஒரு தாய் என்ற அளவில் மௌத்து நிகழ்ந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் மாத்திரம் ஏறத்தாழ 80,000 பேர் உயிரிழந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்குத் தாய் மரணம் 30ஐ அண்டியதாக இருக்கிறது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது. அல்ஹம்துலில்லாஹ், எங்கள் நாட்டைவிடப் பணக்கார நாடுகள் பலவற்றாலும் எட்ட முடியாத நிலை இது.

பெரிய ஆஸ்பத்திரிகளும் விலையுயர்ந்த இயந்திரங்களும் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. பாடசாலைக் கல்வியும், பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்ற பெண்களும் இதற்குப் பின்னால் இருக்கிறார்கள். குடும்ப நல உத்தியோகத்தர் என்று இப்போது அழைக்கப்படும் பொதுச் சுகாதார மருத்துவமாது 18 மாதங்கள் பயிற்சி பெறுகிறார். ஒருபகுதி வைத்தியசாலையில் பிரசவ அறையோடும், மறுபகுதி வெளிக்களத்தில் மக்களோடும் அமைகிறது. பின்னர் ஏறத்தாழ 3,000 முதல் 5,000 பேர் வாழும் ஒரு பகுதி அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அங்கே யார் புதிதாகக் கலியாணம் முடித்திருக்கிறார், யார் கர்ப்பிணி, எந்தக் குழந்தைக்கு நிறை கூடவில்லை, எந்த ஊசி தவறிப் போயிருக்கிறது என்பதெல்லாம் அவரது பதிவேட்டில் இருக்கும்.

"வீடு வீடாத் திரியிற வேலையா?"

இவ்வளவு மதிப்புள்ள இந்தப் பணியை எமது வீடுகள் எப்படிப் பார்க்கின்றன? சமூக சேவைப் பணிக்காகச் சென்ற ஒரு வீட்டில், உயர்தரம் முடித்த மகளைப் பற்றிப் பேச்சு வந்தது. குடும்ப நல உத்தியோகத்தர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரினால் போடலாமே என்றேன். பிள்ளையின் உம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"மிஸ், ஏ.எல். வரைக்கும் படிச்ச பிள்ளைக்கு இந்த வீடு வீடாத் திரியிற வேலையா? நாளைக்கு மாப்பிள்ளை பாக்கக்குள்ள என்னெண்டு சொல்ற?"

"இந்த மகள் வயித்தில இருக்கக்குள்ள உங்கட வாசல்ல ஏறி வந்தது யாரு?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்துவிட்டுச் சிரித்தார். "அந்த மிஸ்தான். இப்பயும் கடைத்தெருவில கண்டா மகள்ர பேரைச் சொல்லித்தான் சுகம் விசாரிப்பா."

அந்த உம்மாவின் தயக்கத்தைக் குறைசொல்லி ஒதுக்கிவிட முடியாது. விடுதியில் தங்க வேண்டும், இரவுக் கடமை இருக்கும், தூர இடத்தில் நியமனம் கிடைக்கலாம் என்ற அச்சங்கள் எல்லா வீடுகளிலும் உண்டு. அதேநேரம், எமது மகள்மாரைப் பரிசோதிக்க ஒரு பெண்தான் வரவேண்டும், அதுவும் எங்கள் பேச்சும் பழக்கவழக்கமும் தெரிந்த பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் நாங்களே எதிர்பார்க்கிறோம். வரும் பெண் யாரோ ஒருவருடைய மகளாகத்தானே இருக்க முடியும்?

2004 டிசம்பர் 26ஐ எமது கரையோரம் மறக்காது. இலங்கையில் சுனாமிக்கு அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் ஷஹீதானார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர் ஊராகப் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் அகதி முகாம்களாயின. கிணறுகளில் கடல்நீர். ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர். இரண்டாவது அலையாகக் கொள்ளைநோய் வரும் என்று உலகமே அஞ்சியது. அப்படி ஒன்று வரவில்லை. பல நாடுகளின் உதவியும் கிடைத்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிணறுகளுக்குக் குளோரின் இடவும், மலசலகூடங்களைக் கவனிக்கவும், முகாமுக்குள் எந்தத் தாய்க்கு எத்தனையாம் மாதம் என்று தேடவும் பயிற்சி பெற்ற ஆட்கள் ஏற்கெனவே ஊருக்குள் இருந்தார்கள். அவர்களில் பலர் தாமும் வீடிழந்தவர்கள். ஆபத்து வந்த அன்று ஆட்களைத் தேடிப் பயிற்றுவிக்க முடியாது.

படிவத்தில் இடமில்லாத செய்தி

இனி இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். எமது ஊரில் ஒருவருக்கு டெங்கு என்று சந்தேகித்தால் வைத்தியர் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி எம்.ஓ.எச். பணிமனைக்கு அனுப்புகிறார். பொதுச் சுகாதார பரிசோதகர் வீட்டுக்கு வந்து விசாரித்து எச் 411இல் எழுதுகிறார். அந்த விபரங்கள் வாரம்தோறும் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போய்ச் சேருகின்றன. அங்கிருந்து வெளிவரும் வாராந்த அறிக்கையில் கல்முனைக்கென்று தனியாக ஒரு வரி இருக்கிறது. நாட்டில் 25 மாவட்டங்கள்தான். ஆனால் பிராந்திய சுகாதாரச் சேவைகள் பணிப்பாளர் பிரிவுகள் 26. அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் கல்முனைப் பிராந்தியம் என்று தனியாக இயங்குவதே இதற்குக் காரணம். குடும்ப நல உத்தியோகத்தரின் மாதாந்த அறிக்கையும் இப்படித்தான். எச் 524இல் அவர் எழுதும் எண்கள் எம்.ஓ.எச். பணிமனையில் தொகுக்கப்பட்டு, காலாண்டுக்கு ஒருமுறை குடும்ப சுகாதாரப் பணியகத்துக்குப் போகின்றன. கொள்கை வகுப்பவர்களின் மேசையில் இருப்பது எமது வாசலில் எழுதப்பட்ட எண்கள்தான்.

எண்கள் போகின்றன. அந்த எண்களுக்குப் பின்னால் உள்ள காரணங்கள் போகின்றனவா?

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1996இல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக் அறிமுகப்படுத்தப்பட்டது. 35 வயதை அடைந்த பெண்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை இலவசமாகச் செய்வது அதன் நோக்கம். மிகச் சிறந்த திட்டம். ஆனால் எமது பெண்கள் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. ஏன் போகவில்லை என்று பெண்களிடம் கேட்டிருக்கிறேன். "வருத்தம் ஒண்டும் இல்லாம ஏன் போற?" என்றார் ஒருவர். பரிசோதிப்பது ஆணாக இருந்தால் என்ன செய்வது என்று பயந்தார் இன்னொருவர். கணவர் கட்டாரில், சின்னப் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து கூட்டிவரும் நேரமும் கிளினிக் நேரமும் ஒன்று என்றார் வேறொருவர்.

எனக்குத் தெரிந்த குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவர் இதற்கு ஒரு வழி கண்டார். மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்து மாப்பிள்ளையை எடுப்பது எமது கரையோர வழக்கம். அதனால் ஒரே வளவில், அல்லது அடுத்தடுத்த வளவுகளில் உம்மா, பெரியம்மா, சாச்சி, ராத்தா, தங்கச்சி என்று ஒரே குடும்பத்துப் பெண்கள் வாழ்கிறார்கள். தனித்தனியாக அழைப்பதை விட்டுவிட்டு அவர் வளவு வளவாக அழைத்தார். பெரியம்மா முன்னால் நடந்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். பெண் வைத்தியர் இருக்கும் நாளையும் முன்கூட்டியே சொல்லி வைத்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வளவில் ஒருவர் நின்று கொண்டார். பெண்கள் வந்தார்கள்.

அவரது படிவத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுத இடம் இருந்தது. எப்படி வந்தார்கள் என்று எழுத இடம் இருக்கவில்லை. வளவு வளவாக அழைத்தால் எமது பகுதிப் பெண்கள் வருவார்கள் என்ற அறிவு அவரோடு நின்று போனது. நாளை அவர் இடமாற்றம் பெற்றால் அந்த அறிவும் போய்விடும். இதையே ஆய்வாகச் செய்து, புள்ளிவிபரத்தோடு எழுதி, மேலிடத்தில் சமர்ப்பிக்கும் பயிற்சி அவருக்குக் கிடைத்திருந்தால், அது கிழக்கு மாகாணம் முழுவதற்கும் ஒரு நடைமுறையாகி இருக்கலாம்.

ஆனால் அவருக்கு முன்னால் உள்ள ஏணி மிகவும் குட்டையானது. மேற்பார்வை உத்தியோகத்தர், பயிற்சி ஆசிரியை என்று இரண்டொரு படிகளோடு அது நின்று விடுகிறது. பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரி பதவிக்குத் தாதிய உத்தியோகத்தர்களிலிருந்தே தெரிவு செய்கிறார்கள். எம்.ஓ.எச். ஆவதற்கு மருத்துவப் பட்டம் வேண்டும். அதற்கு மேல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சமுதாய மருத்துவத்தில் முதுமாணியும், பின்னர் எம்.டி. பட்டமும் பெற்று, வெளிநாட்டுப் பயிற்சியும் முடித்தவரே சமுதாய மருத்துவ நிபுணராகிறார். தேசிய மட்டத்தில் திட்டங்களை வகுப்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பாதையால் வந்தவர்கள். மேலே போகப் போக மொழியும் மாறுகிறது. கீழே தமிழ், நடுவில் சிங்களம், உச்சியில் ஆங்கிலம்.

மேசையில் ஆளில்லாத போது

சுகாதாரக் கொள்கை எங்கோ கொழும்பில் நடக்கும் விடயம், எமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்திருந்த சமூகத்துக்கு 2020ஆம் ஆண்டு ஒரு பெரும் பாடத்தைக் கற்பித்தது. கொவிட்-19 தொற்றினால் மரணித்தவர்களின் உடல்களை அடக்கம் செய்யலாம், தகனமும் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் அந்த ஆண்டு மார்ச் மாதமே வழிகாட்டியிருந்தது. ஆனால் இலங்கையில் ஏப்ரல் மாதம் வெளிவந்த வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதி அது. நிலத்தடி நீர் மாசுபடும் என்று காரணம் கூறப்பட்டது. டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான ஒரு பச்சிளம் குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. கனத்தை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். எமது வீடுகளில் தாய்மார் முஸல்லாவில் அமர்ந்து அழுதார்கள். தொற்று ஏற்பட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகவே அஞ்சியவர்கள் இருந்தார்கள். ஒரு பிழையான கொள்கை நோயைத் தடுப்பதற்குப் பதிலாக நோயாளியை ஒளிந்துகொள்ளச் செய்யும் என்பதை அந்த நாட்களில் கண்ணால் கண்டோம்.

நாம் ஆர்ப்பாட்டம் செய்தோம், மகஜர் அனுப்பினோம், நோன்பு நோற்றுப் பிரார்த்தித்தோம். அவற்றின் மதிப்பைக் குறைக்கவில்லை. ஆனால் "நிலத்தடி நீர் மாசுபடும்" என்ற வாதத்துக்குக் கண்ணீரால் பதில் சொல்ல முடியாது. வைரஸ் இறந்த உடலில் என்னவாகும், மண்ணுக்குள் என்னவாகும், நீர்மட்டம் எங்கே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று விஞ்ஞானத்தின் மொழியில் பேசத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். அந்த ஆண்டின் முடிவிலும் 2021இன் தொடக்கத்திலும் இலங்கை சமுதாய மருத்துவர் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கம் செய்வதை அனுமதிக்கலாம் என்று எழுத்தில் அறிவித்தன. இன, மத பேதமின்றி அறிவின் பக்கம் நின்ற அந்த வைத்தியர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டவர்கள். 2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி திருத்தப்பட்டு, மார்ச் மாதம் ஓட்டமாவடியில் அடக்கம் செய்வது தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை முஸ்லிம் சமூகத்திடம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. மன்னிப்பு வந்தது. எரிக்கப்பட்ட ஜனாஸாக்கள் திரும்பி வரவில்லை.

எம்மவர் ஒருவர் மேசையில் இருந்திருந்தால் எல்லாமே மாறியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அரசியல் அதைவிடப் பலமானது. ஆனால் அந்த மேசையில் அமரும் தகுதியுள்ளவர்களை உருவாக்காத சமூகம், தன்னைப் பற்றிய முடிவுகளைப் பத்திரிகையில் வாசித்தே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

எமது வரலாற்றிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. கலீபா உமர் (ரழி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிப் பயணிக்கையில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாக ஸர்ஃ என்ற இடத்தில் செய்தி கிடைத்தது. அவர்கள் தனியாக முடிவெடுக்கவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், அன்ஸார்களை அழைத்துக் கேட்டார்கள், குறைஷிப் பெரியவர்களையும் கேட்டார்கள். கருத்துகள் வேறுபட்டன. திரும்பிச் செல்வதென்று முடிவெடுத்த பின்னரே, அதுவரை தமது தேவைக்காக வெளியே சென்றிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ப் (ரழி) அவர்கள் வந்து சேர்ந்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் வேண்டாம், அங்கிருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிகளாரின் (ஸல்) வழிகாட்டலைத் தாம் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். கலீபா அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். இந்தச் சம்பவத்தில் ஆட்சியாளர் கலந்தாலோசித்தார் என்பதைப் பெருமையாகப் பேசுகிறோம். அறிந்த மனிதர் அந்தச் சபைக்கு வந்து தாம் அறிந்ததைச் சொன்னார் என்பதையும் அதே அளவுக்கு நினைவில் வைக்க வேண்டும்.

அயலில் ஒரு முன்மாதிரி

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். அன்றைய சென்னை மாகாணத்தில் 1922இலேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் அமைக்கப்பட்டது. 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. இன்றும் அங்கே நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிக்கும் வைத்தியர்களும் பொதுச் சுகாதார அதிகாரிகளும் வெவ்வேறு அணிகள். பொதுச் சுகாதார அணியில் உயர விரும்பும் வைத்தியர் அந்தத் துறையில் தனியாகப் படித்துத் தகுதி பெற வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்குபவர் படிப்படியாக மாநிலத்தின் திட்டங்களை வகுக்கும் இடம்வரை போக வழி இருக்கிறது. எம்மைத் தாக்கிய அதே சுனாமி நாகப்பட்டினத்தையும் தாக்கியது. அங்கும் பெரிய தொற்றுநோய் பரவவில்லை. இந்தியாவின் ஏனைய மாநிலங்களுக்குத் தமிழ்நாட்டை உதாரணமாகக் காட்டி உலக வங்கியின் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். பயிற்சியும் ஏணியும் ஒன்றாக இருந்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு இது சாட்சி.

என்ன செய்யலாம்?

முதலாவது, குடும்ப நல உத்தியோகத்தர், தாதியர் போன்ற பயிற்சிகளுக்கு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரப்படும்போது அதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு உண்டு. பின்னர் ஓய்வூதியத்துடன் கூடிய நிரந்தர அரச தொழில். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பெருந்தொகையான வைத்தியர்களும் தாதியரும் நாட்டை விட்டுச் சென்றுவிட்டார்கள். தன் பகுதியோடு வெற்றிடமான அயல் பகுதியையும் சேர்த்துச் சுமக்கும் மருத்துவமாதர் நாட்டில் பலர். இந்த வேளையில் எமது பிள்ளைகள் முன்வருவது பெரும் ஸதகா.

இரண்டாவது, மருத்துவபீடம் செல்லும் எமது மகள்மார் சமுதாய மருத்துவத்தையும் ஒரு தெரிவாக எண்ணிப் பார்க்கட்டும். மகப்பேற்று நிபுணராகவோ சத்திர சிகிச்சை நிபுணராகவோ வருவதுதான் பெருமை என்ற எண்ணம் மாற வேண்டும். இரவுபகல் என்று அழைப்பு வராத, குடும்பப் பொறுப்போடு ஓரளவு ஒத்துப்போகும் துறை இது. ஒரு நிபுணர் ஒரு நாளில் 50 நோயாளிகளைப் பார்க்கலாம். நல்ல ஒரு கொள்கையை வகுப்பவர் 50 ஊர்களைப் பார்க்கிறார்.

மூன்றாவது, கலை, வணிகம், கணிதம் படித்த பிள்ளைகளுக்கும் இங்கே இடம் உண்டு. நோய் எங்கே ஏன் பரவுகிறது என்று கண்டறியப் புள்ளிவிபரவியல் வேண்டும், புவியியல் வேண்டும். பெண்கள் ஏன் கிளினிக்குக்கு வருவதில்லை என்று கண்டறியச் சமூகவியல் வேண்டும். இருக்கும் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று சொல்லப் பொருளியல் வேண்டும். 1995இல் தொடங்கி, இன்று ஒலுவிலில் இயங்கும் எமது தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இந்தப் பாடங்களில் வருடந்தோறும் பட்டதாரிகளை உருவாக்குகிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை அந்த வளாகத்துக்குப் போனவர்கள் கண்டிருப்பீர்கள். அவர்கள் பட்டதாரி நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் காலத்தில், பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பைப் பற்றி விசாரிக்கலாம். ஓரளவு ஆய்வு அனுபவமும் நல்ல ஆங்கிலமும் இருந்தால் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கதவுகள் திறக்கும்.

நான்காவது, மொழி. சிங்களமும் ஆங்கிலமும் இல்லாமல் இந்த ஏணியில் ஏற முடியாது. சாதாரண தரம் முடித்துப் பெறுபேறு வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்கும் மாதங்களைத் தையலோடும் சமையலோடும் மட்டும் கழிக்க விடாமல், இந்த இரண்டு மொழிகளையும் படிக்க வையுங்கள்.

ஐந்தாவது, எமது பள்ளிவாசல் சம்மேளனங்களும் நலன்புரி அமைப்புகளும் ஸகாத் நிதியிலிருந்து மருத்துவபீட மாணவர்களுக்கு உதவி வருகின்றன. ஜஸாகல்லாஹ். அந்தப் பட்டியலில் பொதுச் சுகாதாரப் பயிற்சிக்குப் போகும் பிள்ளையின் பெயரும், அத்துறையில் முதுமாணி படிக்க விரும்பும் பிள்ளையின் பெயரும் சேரட்டும்.

அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். பத்து, பதினைந்து வருடம் வெளிக்களத்தில் பணியாற்றிய குடும்ப நல உத்தியோகத்தருக்கு மேற்படிப்புக்குப் போகும் வழியைத் திறந்து விடுங்கள். அவர் அறிந்ததைத் தமிழிலேயே எழுதிச் சமர்ப்பிக்க ஒரு ஏற்பாடு செய்யுங்கள். பிராந்திய சுகாதாரப் பணிமனையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து அவர்களுக்கு ஆய்வு முறைகளில் ஒரு குறுங்காலப் பயிற்சியையாவது நடத்தலாம். மாத இறுதியில் நிரப்பும் படிவத்தின் பின்புறத்தில் "ஏன்" என்று எழுதுவதற்கு நான்கு வரி இடம் கொடுத்தாலும் ஒரு தொடக்கமாக இருக்கும்.

சகோதரிகளே, மருத்துவிச்சி மூத்தம்மாவின் கையை மட்டும் நம்பிப் பிள்ளை பெற்ற தலைமுறை எமது உம்மம்மாமாருடையது. பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி வாசலுக்கு வந்ததால் எமது உம்மாமார் காப்பாற்றப்பட்டார்கள். எமது மகள்மாரின் காலத்தில், வாசலுக்கு யார் வருவது, எப்போது வருவது, எதைக் கொண்டு வருவது என்று தீர்மானிக்கும் இடத்திலும் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி இருக்க வேண்டும். இந்த வருடம் பெறுபேறு வந்து, டொக்டருக்குக் கிடைக்கவில்லை என்று அழும் பிள்ளை உங்கள் வளவில் இருந்தால், இந்தப் பக்கத்தை அவளிடம் கொடுங்கள். அவளது உம்மாவும் சேர்ந்து வாசிக்கட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.